துடுப்புக்குத் தடை, குட்டிக்கு வலை: சுறாவைக் காப்பதில் சிக்கல் எங்கே இருக்கிறது?

இந்தியாவிலிருந்து சுறாத் துடுப்பை ஏற்றுமதி செய்ய 2015 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டது. அம்மணி உழுவை என்று நம் மீனவர்கள் சொல்லும் திமிங்கலச் சுறாவைப் பிடித்தால் சிறை என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் எந்த மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போனாலும் கூடை கூடையாகச் சுறா ஏலம் போவதைப் பார்க்கலாம். உணவகத்தில் சுறாப்புட்டு கிடைக்கிறது, சந்தையில் சுறாக் கருவாடு தொங்குகிறது. சுறா பிடிப்பது குற்றமா, இல்லையா? இத்தனை தடை இருந்தும் சுறா ஏன் குறைந்துகொண்டே போகிறது?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நம் சட்டங்கள் பெரும்பாலும் சுறா செத்த பிறகு அதன் உடம்பு எங்கே போகிறது என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. சுறா பிழைப்பதும் அழிவதும் அதற்கு முன்பே, வலையில் முடிவாகிவிடுகிறது. அதிலும் குட்டிப் பருவத்தில்.

எவ்வளவு குறைந்திருக்கிறது

சுறா, திருக்கை, இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவுள்ள உழுவை, ரம்ப மூக்குள்ள வேளா எல்லாம் ஒரே பெருங்குடும்பம். முள்ளெலும்பு கிடையாது, எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. இந்தக் குடும்பத்தின் 1,199 இனங்களையும் ஆராய்ந்து 2021-இல் வெளியான மதிப்பீட்டில் 391 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. அதில் 90 இனங்கள் 'மிக அருகிய' நிலையில், அதாவது கடைசிப் படியில் இருக்கின்றன. அந்த 391 இனங்களுக்கும் பொதுவான காரணம் மிகைப்பிடிப்பு. கடல் சூடாவதும் அலையாத்திக் காடு அழிவதும் சில இனங்களுக்குக் கூடுதல் அடி. மிகைப்பிடிப்பு விட்டுவைத்த இனம் அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, கரையை விட்டுத் தொலைவில் ஆழ்கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-இலிருந்து 71 விழுக்காடு சரிந்ததாகக் கணக்கிட்டது. உலக நாடுகளின் சுறா, திருக்கைப் பாடு, அதாவது பிடித்துக் கரையேற்றிய அளவு, 2003-இல் ஏறத்தாழ 9 லட்சம் டன்னாக உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. படகுகள் குறைந்ததால் வந்த இறக்கம் அல்ல இது. மீன் குறைந்ததே பெரும்பாலான இடங்களில் காரணம். உலகில் சுறா மிக அதிகமாகக் கரையேறும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியாவோடு இந்தியாவும் முன்னணியில் இருக்கிறது.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய சுறாவே இதற்குச் சான்று. பாண்டிச்சேரி சுறா என்று உலகம் அழைக்கும் சிற்றினத்தின் கடைசி மாதிரி 1979-இல் பதிவானது. வேளா மீனின் கதையும் அதுதான். ரம்பம்போல நீண்ட மூக்கை வலையிலிருந்து பிரிக்கவே முடியாது என்பதால் எந்த வலையில் மோதினாலும் அதற்கு முடிவுதான். முன்பெல்லாம் சாதாரணமாகக் கிடைத்த மீன் இப்போது ஒன்று சிக்கினால் செய்தியாகிறது.

சுறாவின் கணக்கு மத்தியின் கணக்கல்ல

மத்தி, நெத்திலி போன்றவை ஓரிரு ஆண்டுக்குள் பருவத்துக்கு வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓர் ஆண்டு பாடு பொய்த்தாலும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் கடல் நிரம்பிவிடலாம். நாம் கடைப்பிடிக்கும் 61 நாள் தடைக்காலம் (கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை) இப்படிப்பட்ட மீன்களுக்கு ஓரளவு உதவும்.

சுறாவின் வாழ்க்கை முறை கிட்டத்தட்ட பாலூட்டிகளுடையது. பெரும்பாலான சுறாக்கள் குட்டி போடுபவை. பெரிய இனங்கள் பருவத்துக்கு வரவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். வயிற்றில் ஒன்பது மாதம், ஓராண்டு என்று சுமக்கும். பல இனங்கள் அடுத்த ஈற்றுக்கு முன் ஓர் ஆண்டு ஓய்வெடுக்கும். வால் உடம்பளவு நீண்டிருக்கும் நீள்வால் சுறாவில் ஓரினம் ஓர் ஈற்றுக்கு இரண்டே குட்டி போடும். கொம்புத் திருக்கையில் பெரிய இனங்கள் இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி. இவற்றுக்கு 61 நாள் என்பது ஒன்றுமே இல்லை.

சிறு கணக்கு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். கீழே வரும் எண்கள் எந்த ஒரு குறிப்பிட்ட இனத்துக்கும் உரியவை அல்ல. நடுத்தரச் சுறா ஒன்றை மனத்தில் வைத்து விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

பத்து வயதில் பருவம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 8 குட்டி, அதில் பாதி பெண். ஆக ஆண்டுக்குச் சராசரி 2 பெண் குட்டி. வலை விழாத கடலில் பிறந்த முதல் ஆண்டில் பாதிக் குட்டிகள் சாகும். அதன்பின் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 சாகும். இப்போது 100 பெண் குட்டிகளிலிருந்து தொடங்குவோம்.

1. மீன்பிடிப்பு இல்லாதபோது: 11 அல்லது 12 குட்டிகள் பருவத்தை எட்டும். ஒவ்வொன்றும் சராசரி ஆறேழு ஆண்டு ஈன்று 13 பெண் குட்டி தரும். அடுத்த தலைமுறை ஏறத்தாழ 154.
2. எல்லா வயதிலும் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 கூடுதலாகப் பிடிபட்டால்: பருவத்தை எட்டுவது 3 மட்டுமே. அவையும் சராசரி நான்கு ஆண்டுதான் ஈனும். அடுத்த தலைமுறை 24.
3. குட்டிகளைப் பிடித்து, வளர்ந்தவற்றை விட்டால்: அடுத்த தலைமுறை 40.
4. குட்டிகளை விட்டு, வளர்ந்தவற்றை மட்டும் பிடித்தால்: அடுத்த தலைமுறை ஏறத்தாழ 93.

நூற்றுக்குப் பத்து என்பது எந்த மீன்தொழிலுக்கும் மிகச் சிறிய அளவு. அந்தச் சிறிய அளவே ஒரே தலைமுறையில் இனத்தை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடுகிறது. மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ந்த சுறா வலையைத் தப்பவேண்டியது அது ஈனும் ஆண்டுகளில். குட்டியோ ஈனத் தொடங்கும் முன்பே பத்து ஆண்டு, ஆண்டுதோறும் தப்பவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் பத்து வெட்டுக்குப் பிறகு மிச்சம் இருப்பது சொற்பம். அதற்காகச் சினைச்சுறாவைப் பிடிக்கலாம் என்று பொருளாகாது. அதன் வயிற்றுக்குள்ளும் குட்டிகள்தான் இருக்கின்றன. காசும் கவனமும் குறைவாக இருக்கும்போது முதலில் எங்கே கை வைப்பது என்று கேட்டால், குட்டிகள் சாவதைத் தடுப்பதில் என்பதே விடை.

எந்தத் தொழிலில் எப்படிச் சாகிறது

தமிழ்நாட்டுக் கரையில் சுறாவைக் குறிவைத்தே போகும் தொழில் குறைவு. தெற்கே குமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் மீனவர்கள் விதிவிலக்கு. நீண்ட கயிற்றில் வரிசையாகப் பல முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலை ஆழ்கடலில் போட்டுச் சுறா பிடிப்பதில் நாடறிந்தவர்கள் அவர்கள். ஒரு மாதத்துக்கும் மேல் தங்குகடலில் இருந்து, அரபிக்கடலில் இலட்சத்தீவு, குஜராத் வரை தொழில் செய்து, பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் பாட்டை இறக்குவார்கள். துடுப்புத் தடைக்குப் பிறகு அவர்களில் பலர் சூரை, களவா போன்றவற்றின் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

மற்ற இடங்களில் சுறா வேறு மீனோடு சேர்ந்து வருகிறது. வெளிநாட்டு ஆய்வுகள் இதைத் 'தற்செயல் பிடிப்பு' என்கின்றன. அந்தச் சொல் நம் கரைக்கு முழுக்கப் பொருந்தாது. அங்கே தற்செயலாகச் சிக்கியதைக் கடலில் எறிவார்கள். இங்கே எதையும் எறிவதில்லை, எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அந்த வரும்படியை எண்ணித்தான் அடுத்த நாள் டீசலும் போடுகிறார்கள்.

தொழில்வாரியாகப் பார்த்தால்:

1. இழுவை மடி, அதாவது விசைப்படகு இழுத்துச் செல்லும் பை வலை. சுத்தியல்போலத் தலை விரிந்த கொம்பன் சுறா முதல் பல இனங்கள் கரையோர ஆழமில்லாத சேற்றுப் பகுதியில் வந்து குட்டி போடுகின்றன. விசைப்படகு மடி இழுப்பதும் அதற்கு அருகில்தான். மடியின் கண்ணை 40 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினால் சிறு இறாலும் நெத்திலியும் தப்பும். பிறக்கும்போதே 40 முதல் 55 சென்டிமீட்டர் இருக்கும் கொம்பன் குட்டி தப்பாது. கண் அளவு விதி சுறாவுக்கு உதவாததற்கு இதுதான் காரணம். இரண்டு மூன்று மணி நேரம் இழுத்த மடியில் மற்ற மீனின் எடையில் நசுங்கி, மேலே வரும்போதே பெரும்பாலும் உயிர் போயிருக்கும்.
2. செவுள் வலை, திருக்கை வலை. பல சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடி மூச்சு விட முடியும். வலையில் மாட்டி அசைவு நின்றால் மூச்சுத் திணறும். கொம்பன் சுறா இதில் மிக மென்மையானது. மாலையில் போட்ட வலையை விடியலில் எடுத்தால் அதில் உயிரோடு கொம்பன் இருப்பது அரிது. வலை நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே இங்கே முதல் தீர்வு.
3. ஆயிரங்கால் தூண்டில். மூன்றிலும் இதில்தான் சுறா உயிரோடு மேலே வரும் வாய்ப்பு அதிகம். தூண்டில்முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி கட்டியிருந்தால் சுறாவால் கடித்து அறுக்க முடியாது. நைலான் நரம்பு என்றால் பல சுறாக்கள் அறுத்துக்கொண்டு போய்விடும். சூரைக்குப் போகும் படகில் கம்பியை விட்டு நரம்புக்கு மாறுவதே பெரிய மாற்றம். வட்டமுள் போட்டால் முள் வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும்; விடுவிக்க எளிது. ஆனால் வட்டமுள்ளில் சுறா சிக்கும் எண்ணிக்கை சில இடங்களில் கூடவும் செய்திருக்கிறது. அதனால் முள்ளை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பியை அப்படியே வைத்திருப்பது பாதி வேலைகூட ஆகாது. மிதவைக்கு அருகே மேல்மட்டத்தில் தொங்கும் முட்களைத் தவிர்த்தாலும் மேல்நீரில் திரியும் சில்க்கி சுறா போன்றவை குறைவாகச் சிக்கும்.

சட்டம்: எதற்குத் தடை, எதற்குத் தடையில்லை

குழப்பத்துக்குப் பெரிய காரணம், சுறாவின்மேல் வெவ்வேறு துறைகளின் நான்கு அடுக்குச் சட்டம் இருப்பது.

1. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. வனத்துறை கையில் உள்ளது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறா, மிகக் கூடிய பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகச் சேர்த்தார்கள். கடற்கரை முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதால் டிசம்பரில் பட்டியலை 10 இனங்களாகச் சுருக்கினார்கள்: திமிங்கலச் சுறா, பாண்டிச்சேரி சுறா, கங்கைச் சுறா, வேளா இனங்கள், ஓர் உழுவை, சில திருக்கைகள் உள்ளிட்டவை. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தப் பட்டியலை நீட்டியது. முதல் அட்டவணை இனத்தைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை. செத்து வலையில் வந்தது என்று சொன்னாலும் கரையில் இறக்கி விற்றால் குற்றம்தான்.
2. துடுப்பு விதிகள். 2013 ஆகஸ்டில், துடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தால்தான் சுறாவைக் கரைக்குக் கொண்டுவரலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. கடலிலேயே துடுப்பை அறுத்துக்கொண்டு உடம்பை எறிவதைத் தடுக்கும் விதி இது. 2015 பிப்ரவரி 6-இல் எல்லா இனத் துடுப்பின் ஏற்றுமதிக்கும் வணிக அமைச்சகம் தடை விதித்தது.
3. சைட்டிஸ். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான உடன்படிக்கை. முதல் இணைப்பில் இருந்தால் வணிகத்துக்காக நாடு தாண்டக்கூடாது. இரண்டாம் இணைப்பில் இருந்தால் அனுமதிச் சீட்டோடு தாண்டலாம். அந்தச் சீட்டுக்கு, 'இந்த ஏற்றுமதியால் இனத்துக்குக் கேடில்லை' என்று நாட்டின் அறிவியல் அமைப்பு சான்று தரவேண்டும். கொம்பன் சுறாவில் மூன்று இனங்கள் 2013-இல் இரண்டாம் இணைப்பில் சேர்ந்தன. 2016-இல் சில்க்கியும் நீள்வால் சுறாக்களும். 2019-இல் மாக்கோ சுறாவும் பல உழுவைகளும். 2022-இல் பால்சுறாவிலிருந்து சில்க்கி வரை அடங்கும் பெருங்குடும்பம் முழுவதையும் ஒரே முடிவில் சேர்த்து, 2023 நவம்பர் 25 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். வெட்டிக் காயவைத்த பிறகு எந்த இனம் என்று சுங்க அதிகாரியால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் குடும்பத்தோடு சேர்த்தது. இந்தியாவில் இதற்கான சட்ட வடிவம், 2022 திருத்தம் உருவாக்கிய நான்காம் அட்டவணை.
4. மாநில மீன்பிடிச் சட்டம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். எந்த வலை, எந்தத் தொலைவு, எந்த மாதம் என்பதெல்லாம் இதில்தான்.

அப்படியானால் முதல் கேள்விக்கு விடை: வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இல்லாத பெரும்பாலான சுறா இனங்களைப் பிடிப்பதும் உள்நாட்டில் விற்பதும் குற்றமல்ல. சைட்டிஸில் இருக்கிறது என்பதால் மட்டும் உள்ளூர்ச் சந்தையில் விற்பது குற்றமாகிவிடாது. அதன் பிடி எல்லை தாண்டும் வணிகத்தின்மேல். ஒரு நுணுக்கம் தங்குகடல் படகுகளுக்கு முக்கியம்: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, 200 கடல் மைலுக்கு அப்பாலுள்ள கடலில் சைட்டிஸ் இனத்தைப் பிடித்து நம் துறைமுகத்தில் இறக்கினால், அதையும் சைட்டிஸ் வணிகமாகவே எண்ணுகிறது. அதற்கும் சான்று வேண்டும்.

இலங்கை வேறு வழியில் போனது. நீள்வால் சுறாவைப் பிடிக்க 2012-இலேயே அங்கே தடை வந்தது. 2015 விதிகள் திமிங்கலச் சுறாவையும் வெண்முனைக் கடற்சுறாவையும் சேர்த்துக்கொண்டன. ஏற்றுமதி வாசலில் காத்திருக்காமல் படகிலேயே, இனத்தின் பெயர் சொல்லித் தடுப்பது அந்த வழி. நீள்வால் சுறாவின் வால் யாருக்கும் குழப்பம் தராத அடையாளம் என்பதால் அந்த இனத்துக்கு இது பொருத்தமான விதியும்கூட.

துடுப்புத் தடை எட்டாத இடம்

துடுப்பை மட்டும் அறுத்து உடம்பை எறியும் வழக்கம், இறைச்சிக்குச் சந்தை இல்லாத தொலைதூரக் கப்பல்களில் வளர்ந்தது. நம் கரையில் சுறா எப்போதும் முழுதாகவே கரையேறியது. கறி, புட்டு, கருவாடு, ஈரல் எண்ணெய், தோல் என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. அதனால் 2013 விதி இங்கே நடைமுறையை அவ்வளவாக மாற்றவில்லை.

2015 தடை விலையை மாற்றியது. பெரிய சுறாவின் மதிப்பில் கணிசமான பங்கு துடுப்பில் இருந்தது. அது போனதும் பெரிய சுறாவைத் தேடிப் போகும் ஆழ்கடல் தொழிலின் வருமானம் அடிவாங்கியது. குட்டிச்சுறாவுக்குத் துடுப்பால் எப்போதும் பெரிய மதிப்பு இருந்ததில்லை. அதன் விலை முழுக்க இறைச்சியில். அந்த விலையைத் தடை தொடவே இல்லை. மேலே போட்ட கணக்கில் நான்காவது நிலைக்கு எதிரான திசையில், மூன்றாவதை நோக்கியே நாம் நகர்ந்திருக்கிறோம்: பெரியதைப் பிடிக்கும் தூண்டல் குறைந்தது, சிறியதைப் பிடிக்கும் தூண்டல் அப்படியே நின்றது. தடையின் சுமையை ஆழ்கடல் தூண்டில் மீனவர் சுமந்தார்; குட்டிகள் அதிகம் சாகும் கரையோர மடிக்கு எந்தச் சுமையும் வரவில்லை. இது நியாயமும் அல்ல, பயனும் குறைவு.

ஏலக்கூடத்தில் அரை மீட்டர்ச் சுறா

'சின்னச் சுறா எல்லாமே குட்டியல்ல, பால்சுறா அவ்வளவுதான் வளரும்' என்று வியாபாரிகள் சொல்வது உண்மை. பால்சுறா முக்கால் மீட்டர் அளவில் பருவத்துக்கு வந்துவிடும். மேற்குக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் மண்வெட்டி மூக்குச் சுறா இன்னும் சிறியது: முப்பத்தைந்து சென்டிமீட்டர் அளவிலேயே ஈனத் தயாராகும், ஓரிரு வயதில் பருவம், ஓர் ஈற்றுக்குப் பத்துக்கு மேல் குட்டி. அளவோடு பிடித்தால் தாங்கக்கூடிய சுறா என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆனால் அரை மீட்டர் மண்வெட்டி மூக்குச் சுறா வளர்ந்த தாய். அதே கூடையில் அதே அரை மீட்டரில் கிடக்கும் கொம்பன், பிறந்து சில நாளோ வாரமோ ஆன சிசு. வளர்ந்தால் இரண்டு மீட்டரைத் தொட்ட பிறகே அது குட்டி போடும். வெறும் நீளத்தை வைத்து எல்லாச் சுறாவுக்கும் ஒரே குறைந்தபட்ச அளவு விதித்தால் தவறாகப் போவது இங்கேதான். இனத்துக்கு இனம் தனி அளவு வேண்டும்.

கூடையில் கிடக்கும் சுறா குட்டியா என்று கண்டுபிடிக்க மூன்று அடையாளம் போதும்:

1. தொப்புள் தழும்பு. சுறாவை மல்லாத்திப் போட்டு, இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொண்டைப் பக்கம் பாருங்கள். கொடி அறுந்த இடத்தில் சிறு கீறல் திறந்திருந்தால் அது பிறந்து சில நாளே ஆனது. மூடி, வெளிறிய கோடாகத் தெரிந்தால் சில வாரம் முதல் சில மாதம்.
2. ஆண் உறுப்பு. ஆண் சுறாவுக்கு இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பில் விரல்போல இரண்டு குழல் இருக்கும். குட்டையாக, அழுத்தினால் வளையும்படி மென்மையாக இருந்தால் பருவத்துக்கு வரவில்லை. நீண்டு, குச்சிபோல விறைத்திருந்தால் வளர்ந்த ஆண்.
3. தலை வடிவம். தலை பக்கவாட்டில் சுத்தியல்போல விரிந்திருந்தால் கொம்பன். ஒரு மீட்டருக்குள் இருக்கும் கொம்பன் சந்தேகமில்லாமல் குட்டிதான்.

மீன்வளத் துறையின் களப்பணியாளருக்கும் ஏலக்காரருக்கும் இதைக் கற்றுத்தர ஒரு முற்பகல் போதும். தோலுரித்துத் துண்டு போட்ட பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் சோதனை என்று ஒன்று வைத்தால் அது படகு இறங்கும் இடத்தில் இருக்கவேண்டும், சந்தையில் அல்ல.

உயிரோடு இருந்தால் விடும் முறை

விட்டது பிழைக்கிறதா என்பது, விடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது.

1. பெரிய சுறாவைப் படகுக்குள் ஏற்றவேண்டாம். தண்ணீரில் அதன் உடம்பைத் தண்ணீரே தாங்கும். மேலே தூக்கினால் சொந்த எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். விலா எலும்பு அதற்குக் கிடையாது.
2. வாலில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. கொக்கி குத்தி இழுக்கக் கூடாது. செவுள் துளையில் கையை விடக் கூடாது. செவுள் கிழிந்தால் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் பிறகு சாகும்.
3. தூண்டிலில் என்றால் நீண்ட கைப்பிடி வெட்டுக் கருவியால் நரம்பை முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டவேண்டும். முள்ளைப் பிடுங்கப் போராடவேண்டாம். ஆனால் பத்தடி நரம்பு தொங்கவிட்டால் அது வாலில் சுற்றிக் கொல்லும்.
4. வலையில் என்றால் வலையை அறுக்கவேண்டும். சுறாவை இழுத்து உருவினால் தோலும் செவுளும் போகும்.
5. குட்டிச்சுறாவை ஒரு கையால் மார்புத் துடுப்புக்குப் பின்னாலும், மறு கையால் வாலுக்குச் சற்று முன்னாலும் பிடித்துத் தலை முன்னே போகும்படி நீரில் விடலாம். மடியைக் கொட்டியதும் முதல் வேலையாக இதைச் செய்யவேண்டும். இறாலைப் பிரித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வெயிலில் செத்திருக்கும்.

நான்காவதில்தான் மீனவருக்கு நேரடி நட்டம். வலை அவர் முதலீடு. அறுத்தால் அவர் கைக்காசு போகிறது. இதை யார் ஈடுகட்டுவது என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் கடலில் நடக்காது.

குஜராத் அந்த விடையைத் தேடிப் பார்த்தது. 1990-களில் வேராவல் பக்கத்தில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பெருமளவில் வேட்டையாடினார்கள். 2001 தடை வந்தும் உடனே நிற்கவில்லை. 2004-இல் இந்திய வன உயிரின அறக்கட்டளை, வனத்துறையோடு சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்தச் சுறாவை, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக எண்ணும்படி மீனவர்களிடம் பேசினார். பேச்சோடு நிற்காமல், சுறாவை விடுவிக்க அறுத்த வலைக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. அதிகாரி கடலுக்கு வந்து பார்க்கும் வரை சுறாவை வைத்திருந்தால் அது செத்துவிடும் என்பதால், மீனவர்களிடமே நீர்புகாத கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படத்தையே சான்றாக ஏற்றார்கள். இதுவரை 900-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இப்படி விடுவிக்கப்பட்டிருக்கின்றன. இன்று எல்லாப் படகிலும் செல்பேசி இருக்கிறது. கேமரா செலவுகூட இல்லை.

புட்டுக்கு வேறு மீன்

குட்டிச்சுறாவின் விலையை ஏற்றிவைப்பதில் நம் அடுக்களைக்கும் பங்கு உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு கொடுப்பது நம் கரையில் நெடுநாள் வழக்கம். அது அன்பிலிருந்து வந்த வழக்கம், அதைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. பெற்றவளுக்குத் தேவைப்படுவது நல்ல புரதம். அது எந்த மீனிலும் உண்டு. சுறாவில் கூடுதலாக இருப்பது இரண்டு. ஒன்று யூரியா: கடலின் உப்பைச் சமாளிக்க உடம்பில் தேக்கிவைப்பது, மஞ்சள் போட்டு வேகவைத்துத் தண்ணீரை வடிப்பது அந்த வாடை போகத்தான். இன்னொன்று பாதரசம்: உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் மீன் என்பதால் வயது கூடக்கூடச் சேர்ந்துகொண்டே போகும், சமைத்தாலும் போகாது. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துவது இதனால்தான். உதிர்ந்து வரும் வெண்சதை உள்ள எந்த மீனிலும் அதே பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயத்தோடு புட்டு செய்யலாம்.

இந்தியாவில் சுறா பரிமாறும் உணவகங்கள் கோவாவிலும் தமிழ்நாட்டிலும்தான் அதிகம். வீட்டு வழக்கத்தைச் சட்டத்தால் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். உணவகப் பட்டியலிலிருந்து சுறா இறங்கினாலே குட்டிகளுக்கான தேவையில் ஒரு பகுதி கழியும்.

பலன் எப்போது, எதில் தெரியும்

அமெரிக்கா தன் அட்லாண்டிக் கரைச் சுறாக்களுக்கு 1993-இல் மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தது. முள்நாய்ச் சுறா என்ற சிறு இனத்துக்கு 2000-இல் தனித் திட்டம் போட்டார்கள். 2010-இல் அது மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். மெதுவாக வளரும் சாண்ட்பார் சுறா மீள அவர்களே குறித்திருக்கும் ஆண்டு 2070.

ஆகவே நாளைக்கே எல்லாக் குட்டிகளையும் விட்டாலும் அடுத்த ஐந்தாறு ஆண்டுப் புள்ளிவிவரத்தில் சுறாப் பாடு குறைந்தே தெரியும். விடுவதே அதற்குக் காரணமாக இருக்கும். அதை வைத்து 'தடை போட்டும் பயனில்லை' என்று செய்தி வந்தால் நம்பவேண்டாம். பார்க்கவேண்டியது டன் கணக்கையல்ல, நீளத்தை. கொச்சியில் தலைமையிடம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் துறைமுகங்களில் இனவாரியாக அளவெடுக்கிறது. கரையேறும் கொம்பன்களில் ஒரு மீட்டருக்குக் கீழே உள்ளவற்றின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறதா என்பது முதல் அறிகுறி. அது இரண்டு மூன்று ஆண்டிலேயே தெரியும். இரண்டு மீட்டரைத் தாண்டிய பெண் கொம்பன்கள் எத்தனை என்பது இரண்டாவது. இந்த ஆண்டு வலையிலிருந்து விடுபட்ட அரை மீட்டர்க் குட்டி அந்த அளவைத் தொட ஏறத்தாழ பத்து, பதினைந்து ஆண்டு ஆகும்.